ஸ்டியரிங் உதறல்

மலையிறங்கிச் செம்பட்டி ரோட்டில் வேகம் நாற்பது மைலைத் தாண்டினால் போதும், ஸ்டியரிங் உதற ஆரம்பித்துவிடும். ஆடலூர் காப்பித் தோட்டத்துக்கு இருபது வருடமாகக் கார் ஓட்டும் சேனாதிபதி டயரை மாற்றினார், பட்டறையில் காட்டினார். உதறல் நிற்கவில்லை.

"வண்டி ஆடல, ஒங் கைதான் ஆடுது. வயசாயிப்போச்சு" என்று சொல்லி, முதலாளி தண்டாயுதபாணி புது டிரைவரை அமர்த்திவிட்டார்.

கடைசி நாள் காலையில், காரைக் கழுவிக் கொடுத்துவிட்டே போகலாம் என்று குனிந்தவர் முன்சக்கரத்தின் உட்பக்கம் கைவிட்டார். தோட்டத்துச் செம்மண் ரிம்மில் ஒரு பக்கமாக அப்பி, கல்லாய் இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் சக்கரம் உதறாமல் என்ன செய்யும்? இந்தக் கருமத்துக்கா மூன்று மாதம் ஏச்சு வாங்கினோம் என்று ஸ்பானரால் தட்டிப் பெயர்த்தார்.

எழுந்து விஷயத்தைச் சொல்வதற்குள் முதலாளி புது டிரைவரோடு ஏறிக் கிளம்பிவிட்டார். சேனாதிபதி மண்கட்டியோடு காத்திருந்தார்.

மத்தியானம் முதலாளி சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். "அம்பதுல போனோம்யா. துளி ஆட்டம் இல்ல. நான் சொன்னேன்ல, ஒங் கைதான்னு."

"கை இல்லீங்க, இந்த மண்ணுங்க" என்று சேனாதிபதி கட்டியை நீட்டினார். ஆத்திரத்தில் விரல்கள் வெடவெடத்தன.

முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.