மூன்று நாள் பத்தியம்

ரத்தினம்மா மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. காலையில் பாகற்காய்ச் சாறு, இரண்டு வேளையும் முழு மாத்திரை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் கூடவே பாத்திரம் கழுவும் விசாலாட்சி சொன்ன வழி இது.

"டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாள் வாயைக் கட்டு லா. நம்பர் அழகா வரும்."

வந்தே ஆக வேண்டும். போன மாதம் அவர் தலைசுற்றிக் கடையில் விழுந்தார். அதிலிருந்து முதலாளி டாக்டர் கடிதம் கேட்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலை இல்லை. அறுபத்தெட்டு வயதில் வேறு யார் கொடுப்பார்கள்?

பலதுறை மருந்தகம் எனப்படும் அரசு பாலிகிளினிக்கில் தாதி வைஷாலி கையில் ரத்தம் எடுத்தாள். பிறகு விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். 6.2, அந்த ஊர் அளவில் நல்ல எண்.

"சூப்பர், ஆண்டி. கையில எடுத்ததுக்கு ஒரு மணி நேரத்துல ரிசல்ட் வரும்."

"அது வேற எதுக்கு, மிஸ்ஸி?"

வைஷாலி விளக்கினாள்: விரலில் எடுக்கும் ரத்தம் அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டும் காட்டும். மற்றது அப்படியல்ல. ரத்தத்தின் சிவப்பணு மூன்று நான்கு மாதம் உயிரோடு சுற்றுகிறது. சுற்றும்போது சர்க்கரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும், தேநீர்க் குவளையில் கறை ஏறுவதுபோல. மூன்று நாள் தேய்த்தாலும் அது போகாது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதக் கதை தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து ரத்தினம்மாவை மறுபடி உள்ளே அழைத்தார்கள்.

"பத்து புள்ளி ஒண்ணு." வைஷாலி திரையைப் பார்த்தாள். "ஏழுக்குள்ள இருக்கணும், ஆண்டி. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் இவ்வளவா? அப்போ டாக்டர் இன்னொரு மருந்து சேர்ப்பார்."

இன்னொரு மருந்து, இன்னொரு செலவு. ரத்தினம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆனா ரெண்டு மருந்தும் சேர்ந்து சர்க்கரையைச் சட்டுனு ரொம்ப இறக்கிடவும் கூடும், ஆண்டி. மயக்கம் வந்தா உடனே வரணும்."

ஈரத்தரையில் விழுந்தது நினைவுக்கு வந்தது. ரத்தினம்மா பையிலிருந்து சிறிய டப்பாவை எடுத்துத் திறந்தார். காய் வெட்டும் கத்தியால் நறுக்கிய அரை மாத்திரைகள்.

"ஒரு மாச மருந்த ரெண்டு மாசத்துக்கு வச்சுக்குவேன். வாடகை போக மிஞ்சுறது அவ்வளவுதான். இந்த மூணு நாள்தான் முழுசு."

வைஷாலி தட்டச்சை நிறுத்தினாள். "நல்லவேளை சொன்னீங்க. இது மருந்தோட தப்பு இல்ல. செலவுக்கு வழி பார்க்க இங்க சமூக ஊழியர் இருக்காங்க, இப்பவே பார்த்துடலாம்."

"கடிதம்?"

"டாக்டர்தான் சொல்லணும், ஆண்டி. ஆனா கட்டுக்குள்ள இருக்குன்னு இன்னைக்கு எழுத முடியாது. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்."

திங்கட்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ரத்தினம்மா இரண்டு அரைகளை எடுத்தார். சேர்த்துப் பிடித்து, ஒன்றாக விழுங்கினார். பிறகு சமூக ஊழியரைப் பார்க்கத் தன் வரிசை எண் எப்போது வரும் என்று சுவர்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.