மல்லிகா அடித்த மணி

"இன்னும் எவ்வளவு தூரம் புள்ள?" என்று நல்லையா கேட்டதும் அழகம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மலையில வச்சு அப்பிடிக் கேக்கக் கூடாது மச்சான். கேட்டா தூரம் கூடிப்போகும்."

"கூடட்டும். பிந்திப் போனா தோட்டத்துல மாதிரி அரப்பேர் போட்டு அரைச் சம்பளம் குடுப்பாங்களா?"

சொல்லிவிட்டு அடுத்த படியில் காலைத் தூக்கி வைத்தார். வீங்கிய முழங்காலில் செத்துப்போன மனைவியின் மப்ளரைச் சுற்றியிருந்தார். மலையடிவாரத்துப் பலாபத்தலயில் விடியும்போது பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மல்லிகா செத்து இன்றைக்கு முப்பத்தோராம் நாள். "தீட்டு வீட்டு மனுசன் மலை மிதிக்கலாமா?" என்று தோட்டத்து லயத்தில் முதலில் பேச்சை ஆரம்பித்ததே மல்லிகாவின் தங்கச்சி அழகம்மாதான். பிறகு அவளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மச்சான் விழுந்தால் அந்தக் கதையைப் பார்த்தவளாக வந்து சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் போகிறாள் என்று லயத்தில் சிரித்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

சிவனொளிபாதமலை உச்சியில் மணி தொங்குகிறது. எத்தனை தரம் ஏறினோமோ அத்தனை தரம் அடிக்கலாம். அதற்கு மேல் ஒன்றுகூட அடிக்கக் கூடாது. போன வருசத்தோடு மல்லிகாவுக்குப் பதினொன்று. நல்லையாவுக்குப் பூச்சியம். "ஏறுனா எறங்கத்தானே வேணும்? வீட்டுலயே இருந்தா ரெண்டும் மிச்சம்" என்று பொண்டாட்டியிடம் நக்கல் அடிப்பார். டவுனுக்குப் போய் மஷூரின் சலூனில் உட்கார்ந்தால் கதை வேறு. "எம் பொஞ்சாதி பதினோரு தரம் மணி அடிச்சவ, தெரியும்ல?" மஷூர் முடியை வெட்டி முடிப்பதற்குள் அதை நாலு தரம் சொல்லிவிடுவார்.

பன்னிரண்டாவதுக்கு அவள் இல்லை. மாசியில் ரப்பர் மலையில் பால் வாளியோடு சாய்ந்தவள் எழும்பவே இல்லை. நெஞ்சு என்றார்கள்.

"அவ அடிச்சது பதினொண்ணு. அதையும் அடிச்சு, எனக்கு ஒண்ணும் அடிச்சிட்டு வாரேன்" என்று முப்பதாம் நாள் படையல் முன்னால் நல்லையா எழுந்து நின்று சொன்னபோது, அழகம்மா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அவள் வயிற்றில் எந்த வீட்டு ரகசியமும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இது ஒன்று மட்டும் ரெண்டு வருசமாகக் கிடக்கிறது.

பாதி மலையில், படியோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதைக் கண்டதும் அழகம்மா எட்டி நடந்தாள்.

"இங்க வேணாம் மச்சான். வெறும் சுடுதண்ணிதான் குடுப்பாங்க. மேல போயிக் குடிப்போம்."

"மேல போறதுக்கு எனக்குக் கால் வேணுமே." வெளியே கிடந்த பலகையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரச் சிங்கள அம்மா அழகம்மாவை அடையாளம் கண்டு வாயெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"பெரியக்கா வரலையா? போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் நீங்க மேல போய்ட்டு வர்ற வரைக்கும் இந்தப் பலகையிலதானே இருந்தாங்க. பாவம், எவ்வளவு எளைப்பு! இப்ப தேவலையா?"

சிங்களம் தெரியாதவராக நல்லையா இருந்திருக்கக் கூடாதா என்று அழகம்மாவுக்கு இருந்தது. அவர் தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சிங்களக் கடிதம் வாசித்துச் சொல்கிறவர்.

தேத்தண்ணி வந்தது. கோப்பையில் ஆடை படியும் வரை அவர் அதைத் தொடவில்லை.

"ரெண்டு வருசமா?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. நீங்க டவுனெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களாம். கொறஞ்சா ஒங்களுக்குத் தலகுனிவாம்." அழகம்மா கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "நெஞ்சு வருத்தம் இவ்வளவுன்னு எனக்கும் தெரியாது மச்சான். மூச்சு வாங்குதுன்னுதான் நெனச்சேன்."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தாலும் பரவாயில்லை. அவர் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தார். பிறகு மெல்ல அதிலிருந்து எழுந்தார். மப்ளரை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"வா."

அதற்கு மேல் அவர் தூரம் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, கடைசியில் சில இடங்களில் கையையும் ஊன்றி ஏறினார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முன்னால் போனார்கள். அழகம்மா கை கொடுத்தாள், வாங்கவில்லை.

உச்சியில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. நல்லையா மணிக் கயிற்றைப் பிடித்தார். அழகம்மா உதட்டுக்குள் எண்ணினாள். ஒன்று, ரெண்டு, மூன்று. நல்லையாவின் கை ஒரே சீராக விழுந்தது. ஏழு. எட்டு. ஒன்பது.

நின்றது. கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள்.

"ஒங்களுக்கு ஒண்ணு இருக்கே மச்சான்."

அவர் கயிற்றை விட்டார்.

இறங்குகிற வழியில் திரும்பாமலே சொன்னார்: "டவுன்ல பதினொண்ணுன்னே இருக்கட்டும் புள்ள."

"ம்" என்றாள் அழகம்மா.

அந்தக் கடை வந்தது. அவர் தொடைகள் ரெண்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. பலகை காலியாகத்தான் கிடந்தது. தோளில் கிடந்த துண்டால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே தேத்தண்ணி குடித்தார்.