காருக்கு அடியில் ஒரு குரல்

பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டிகளையே தூக்கி நிறுத்துகிற ராஜ்மோகனுக்கு வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார் ஒரு தூசு. அப்படித்தான் அவன் நினைத்தான். அந்த நினைப்பு எத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கிறது என்று கேட்டால் அவனே கதை கதையாகச் சொல்வான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த குவார்ட்டர்ஸ் வாசல் மண்ணில் ஒற்றை ஜாக்கியை வைத்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டான். தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டையும் பக்கத்து வீட்டு பிராங்க்ளின் இரவல் வாங்கியிருந்தார். அவரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார்.

"அவர் வரட்டுமேங்க. நாளைக்குப் பஸ்ல போய்க்கலாம்" என்றாள் அவன் மனைவி நிஷா.

"உங்க அக்கா பொண்ணு வளைகாப்புக்கு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ல போய் இறங்கவா? சைலன்சர்ல ஒரு கிளாம்ப் மாத்தணும், அவ்வளவுதான். உடனே முடிஞ்சிடும்."

வீம்புக்கு மருந்து கிடையாது. நிஷா வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் அவன் வீட்டிலும் விட்டதில்லை. வண்டிக்கு அடியில் ஒருவன் படுத்திருந்தால், மேலே இருக்கிறவர் அடிக்கடி குரல் கொடுக்க வேண்டும். அடியில் இருப்பவன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஓடி வந்து பார்க்க வேண்டும். ஒர்க்ஷாப் பழக்கம். வீட்டில் அந்த வேலை நிஷாவுடையது.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கேட்டாள். "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

குழம்பைக் கூட்டி வைத்தாள். "என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. "இன்னுமா முடியல? வெளிய வாங்க, சாப்பிடலாம்."

"இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிட்டு வந்துடறேன்."

கேட் கிறீச்சிட்டது. கையில் காகிதப் பொட்டலத்தோடு ராஜ்மோகன் தெருவிலிருந்து உள்ளே வந்தான். "ஷேக் தாவூது பாயோட ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒரே கூட்டம். போனவன் இப்பதான் வரேன். பழைய கிளாம்ப் உள்ள துருப்பிடிச்சு இறுகிக் கிடக்குமே, அதுக்கு எண்ணெயும் வாங்கிட்டேன்."

நிஷாவின் கையில் இருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. "நீங்க எப்ப வெளிய போனீங்க?"

"நீ வெங்காயத்தை எடுத்தப்பவே சொல்லிட்டுத்தானே போனேன்? காதுல வாங்கலையா?"

அவள் வாசலுக்கு ஓடினாள். குனிந்து பார்த்தாள். கோணிச்சாக்கு விரித்தபடி இருந்தது. அதன்மேல் ஒரு ஸ்பேனர். ஆள் இல்லை. அவனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றது காருக்கு அடியிலிருந்து ராஜ்மோகனின் குரல்.

பக்கத்தில் நின்ற அவன் வாய் மூடியே இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு சிரிக்க முயன்றான். "குழாய்க்குள்ள ஏதோ எதிரொலி." தானே குனிந்து அதட்டினான். "யாருடா அது?" பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டான். அப்போதும் இல்லை. அதற்கு அவனோடு பேச்சு இல்லை. நிஷா கேட்டால் மட்டும்தான் பதில்.

பயந்தவன் பின்வாங்குவான். ராஜ்மோகனுக்குப் பயம் வந்தால் கோபம் வரும். "என் வீட்டு வாசல்ல, என் வண்டிக்குக் கீழ போக எனக்கென்ன பயம்? போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று மண்ணில் மல்லாந்தான். தலையை உள்ளே நுழைத்தான்.

நிஷா அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் கால்கள் இரண்டையும் மார்போடு கட்டிக்கொண்டாள். "போகாதீங்க. உங்க உயிர்தான் அடியில கிடந்து பதில் சொல்லுது. எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. பத்து வருஷம் கேட்ட குரல் அவளுக்குத் தெரியாதா?

"விடு நிஷா!" அவன் உதறினான். அவள் விடவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அவன் தலை பம்பரைத் தாண்டி வெளியே வந்த நொடியில், ஈர மண்ணில் புதைந்து கொண்டிருந்த ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கார் தடாலென்று இறங்கியது.

"நிஷா!" என்று ஓர் அலறல். காருக்கு அடியிலிருந்து.

அந்த அலறல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு நல்லுசாமி முதல் ஆளாக ஓடி வந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். "ராஜ்மோகன் அண்ணன் குரல்தான்! தூக்குங்க, தூக்குங்க!" பம்பரைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகுதான் ராஜ்மோகன் ஓரமாக, மண்ணப்பிய சட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

"இங்கதான இருக்கார்! அப்ப கத்தினது யாரு?"

ராஜ்மோகன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். காற்று மட்டும் வந்தது. அவன் குரல் காருக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது என்று நிஷாவுக்குப் புரிந்துவிட்டது. தூக்கிப் பிடித்த காரை நோக்கிக் கேட்டாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்." மிக மெல்லிசாக. நசுங்கிப்போன குரலில். தூக்கியவர்களின் முக்கல் முனகலில் அவர்களுக்கு அது கேட்கவில்லை. ராஜ்மோகனுக்குக் கேட்டது. அவன் கண்களைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

"கீழ யாரும் இல்லையே? இறக்கிடலாமா?" என்றார் நல்லுசாமி. அவர் கைகள் வெடவெடத்தன. வழுக்கும் மண்ணில் அவருடைய வலது கால் சக்கரத்துக்கு நேர் கீழே சறுக்கிப் போயிருந்தது.

"இறக்காதீங்க!" நிஷா கத்தினாள். "உங்களைக் கும்பிடறேன், இறக்காதீங்க. உள்ள இருக்கார்!"

"யாரும்மா இருக்கா? வீட்டுக்காரர்தான் இங்க இருக்காரே? கை விட்டுடும்மா!"

ராஜ்மோகன் எழுந்தான். நல்லுசாமியின் காலைச் சுட்டிக்காட்டி, அதைப் பின்னால் எடுக்கச் சொல்லிச் சைகை செய்தான். அவர் எடுத்துக்கொண்டார். பிறகு அவன் காரைப் பார்த்தான். நிஷாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கண்ணில் நீர் வழிந்தது. ஒர்க்ஷாப்பில் பெட்டியை இறக்கச் சொல்கிறவன் காட்டுவதுபோல, உள்ளங்கையைக் கீழ் நோக்கிப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகத் தாழ்த்தினான்.

அவர்கள் இறக்கினார்கள்.