வாங்க வந்தவரின் மணிக்கூடு

சுஹைராவுக்கு எழுபது தாண்டிவிட்டது. திருகோணமலைப் பட்டினத்தில் நெடுங்காலம் புடவைக் கடை நடத்தியவர். கடை நன்றாக ஓடிய வருடங்களில் தனக்கென்று ஒவ்வொன்றாக வாங்கிய சுவிஸ் கை மணிக்கூடுகள் அலுமாரியில் ஒரு தட்டை நிறைத்திருந்தன. அவருக்குக் கைநடுக்கம் தொடங்கிய பிறகு, மகன் இஹ்ஸானுக்கு அவை கண்ணை உறுத்தின. உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கொழும்பிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினான்.

“இந்த வயசில இதெல்லாம் என்னத்துக்கு உம்மா? வாரைக்கூடப் பூட்ட ஏலாது உங்களுக்கு. வித்துப்போடுவம்.”

சுஹைராவின் பார்வை வியாபாரி தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டில் இருந்தது. கடல்நீல முகப்புள்ள அந்தப் பழைய ரகத்தை அவர் எத்தனையோ வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“அது சாவி குடுக்கிறதோ, கை ஆட்டத்தில ஓடுறதோ?”

“கை ஆட்டத்திலதான், அம்மா.”

“அப்ப எனக்குத் தோதுதான். என்ட கை சும்மா இருக்காது. விலையைச் சொல்லுங்க.”

“உம்மா!” என்று இஹ்ஸான் எழுந்துவிட்டான்.

“இரு மகன். கால் வீங்க வீங்கக் கடையில நிண்டு உழைச்சனான். ஆசைப்படுறதுக்கு ஆரிட்டயும் உத்தரவு கேட்டதில்ல. இனியும் கேக்கமாட்டன்.”

வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். சுஹைரா நடுங்கும் கையை மகனிடம் நீட்டினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவன் வாரைப் பூட்டினான்.

அன்று பின்னேரம் அவர் அதைக் கட்டிக்கொண்டு துறைமுக வீதியில் நடக்கப் போனார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் மணி சொன்னார், கேட்காதவர்களுக்கும்தான்.