மட்காட்டில் இருந்த சிவலட்சுமி

"எனக்கு இப்ப தெரியவேணும். ஆர் அந்தச் சிவலட்சுமி?"

"எனக்கென்ன தெரியும்?"

"உங்கட மிசினிலை இருக்கிறா. உங்களுக்குத் தெரியாதெண்டால் எனக்கோ தெரியும்?"

ஜெகதீஸ்வரியின் குரல் அக்கராயன் குளக்கட்டு வரைக்கும் போயிருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு மட்டும் கேட்காமல் இருக்குமா? கீரையைப் போட்டுவிட்டு, கிடுகு கொஞ்சம் விலகியிருக்கிற இடத்துக்குப் போனேன்.

மாமரத்துக்குக் கீழே அந்தப் பழைய மெசி பேர்குசன் உழவு மிசின் நின்றது. பின்சில்லுக்கு மேலுள்ள மட்காட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த பேத்தி யதுர்ஷிகா கையை எடுக்காமல் நின்றாள். தேய்த்த இடத்தில் பச்சைப் பெயின்ற் போய், மஞ்சள் எழுத்தில் ஒரு பெயர் வந்திருந்தது: சிவலட்சுமி. ஜெகதீஸ்வரியின் புருசன் வீரகத்தியருக்கு எழுபத்தாறு வயது. இந்த வயதில் ஒரு பெண்ணின் பெயரில் அகப்படுவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊரில் மற்றவர்கள் ஓய்வு நேரத்தில் நாடகம் பார்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள். அந்த வீட்டில் மூன்று தலைமுறையும் கூடிப் பழைய உழவு மிசின்களைக் கழற்றிப் பூட்டும். வீரகத்தியர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் குறை சொல்வார். மகன் பிரதாபன் பள்ளிக்கூடத்தில் உப அதிபர். இங்கே பெயின்ற் அடிப்பார். மிச்ச வேலை முழுக்க யதுர்ஷிகா. ஏற்கெனவே இரண்டை ஓட வைத்துவிட்டார்கள். இரண்டாவது முதல்நாளே பிரேக் பிடிக்காமல் வந்து என் வேலியில்தான் நின்றது. கிடுகு விலகியது அப்படித்தான். நான் அதை இன்னும் கட்டவில்லை.

மூன்றாவதான இதுதான் வீரகத்தியரின் சொந்த மிசின். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது, ஒரு வெளியில் மலை மலையாகக் குவித்திருந்த வாகனங்களுக்குள் அவரே தேடிப் பிடித்தது. பிளேனுக்குப் பயந்து சண்டை நாளில் எல்லோரும் வாகனங்களுக்கு ஒரே பச்சையைத்தான் பூசியிருந்தோம். நம்பர் தகடு ஒன்றிலும் இல்லை. கிளச் மிதியில் சைக்கிள் பெடல் ஒட்டியிருந்ததைக் கண்டு, "இது என்ர" என்று சில்லைக் கட்டிப்பிடித்து அழுதாராம். ஜெகதீஸ்வரி சொல்லித்தான் தெரியும்.

"அம்மா, கத்தாதேங்கோ" என்றார் பிரதாபன். "ஒரு கை சிவப்பு அடிச்சால் சிவலட்சுமியும் இல்லை, மகாலட்சுமியும் இல்லை."

"அடிக்க விடமாட்டன் அப்பா. வேற ஆற்றையும் மிசினா இருந்தால்?" என்றாள் யதுர்ஷிகா.

வீரகத்தியர் அப்போதுதான் உண்மையாகக் கோபப்பட்டார். "ஆற்றையுமோ? பெடலைப் பாரடி! தவராசா என்ர கண்ணுக்கு முன்னாலை ஒட்டினவன்!"

தவராசா எங்கள் ஊரில் இரும்பு ஒட்டுவேலை செய்த மனிதர். இப்போது இல்லை. கேட்கவும் முடியாது.

நான் இதைச் சங்கக்கடையில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். அவர் ஒரு பஸ் கண்டக்டரின் தாய்.

அடுத்த சனிக்கிழமை ஒரு ஓட்டோ வந்து அவர்களுடைய படலையடியில் நின்றது. ஓட்டி வந்த பெடியன் இறங்க முதல், பின்னாலிருந்து ஒரு கிழவர் இறங்கினார்.

"ஐயா, சிவலட்சுமின்னு பேர் எழுதின மெசி ஒண்ணு இங்க இருக்காமே. கண்டாவளையில இருந்து வர்றோம். நான் மூக்கன். இது பேரன் விஜிதரன்."

வீரகத்தியர் 'வா' என்று சொல்லவில்லை. "சிவலட்சுமி எண்டு வன்னியிலை ஆயிரம் பேர் இருக்கினம். அதுக்கு நீ என்ன செய்யப் போறாய்?"

"அதுக்குத்தான் ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன்."

வெற்றிலை போட்டபடி கூனிய மனிசி ஒருத்தி ஓட்டோவிலிருந்து மெல்ல இறங்கினார். வாயில் பல் இரண்டோ மூன்றோதான். ஜெகதீஸ்வரி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு குசினிக்குப் போய், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த பேணியைக் கையில் எடுத்தார், வைத்தார், பூப்போட்ட கோப்பையை எடுத்தார். குசினி யன்னல் என் பக்கம்தான்.

வீரகத்தியர் கிளச் மிதியைக் காட்டினார். "இது என்ர அடையாளம். உன்ர என்ன?"

மூக்கன் குனிந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது தவராசா அண்ணன் வேலையில்ல? மிதி தேஞ்சுபோச்சுன்னு யார் போனாலும் சைக்கிள் பெடலைத்தான் ஒட்டிக் குடுப்பாரு. எங்க பக்கத்துல மட்டும் அஞ்சாறு மிசின் இருந்துச்சு. மத்த மட்காட்டைத் தேய்ச்சுப் பாருங்க. மயில் ஒண்ணு இருக்கும். அதுக்கு மூணு காலு."

"மூண்டு காலோ?"

"கீறினவன் அன்னிக்குக் கள்ளுல இருந்தான்."

"அவன் மட்டுமா?" என்றார் சிவலட்சுமி. "பக்கத்துல உக்காந்து ஊத்திக் குடுத்தது யாரு?"

யதுர்ஷிகா மற்றப் பக்கம் தேய்க்கத் தொடங்கினாள். முதலில் தோகை வந்தது. பிறகு கழுத்து. பிறகு ஒரு கால். இன்னொரு கால்.

"ரெண்டுதான்" என்றார் வீரகத்தியர். "காணும். நிப்பாட்டு பிள்ளை."

அவள் நிப்பாட்டவில்லை. மூன்றாவது கால் மற்ற இரண்டையும்விட வடிவாக இருந்தது.

வீரகத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு மயிலுக்கு முன்னால் இருந்தார்.

"அப்ப என்ர மிசின் எங்கை?"

பதில் எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் தேடி வராத மிசின்களை வெட்டி, இரும்புக்கென்று லொறி லொறியாக ஏற்றிப்போனதை நாங்கள் எல்லோரும் ஏ-9 வீதியில் நின்று பார்த்தவர்கள்தான். அவருடைய மிசின் அந்தக் குவியலில், இதற்குப் பக்கத்திலேயே கூடக் கிடந்திருக்கலாம். பிரதாபன் வாளியைத் தூக்கி இடம் மாற்றி வைத்தார்.

மூக்கன் மிசினைத் தா என்று கேட்கவில்லை. "ஓடுதாங்க?" என்று மட்டும் கேட்டார். யதுர்ஷிகா ஏறி ஸ்ராட் பண்ணினாள். ஒரே தடவையில் பிடித்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓடவைத்த மிசினின் முதல் ஓட்டம் முறிகண்டிக்கு. பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறவர் அதன் சொந்தக்காரர். இதற்கென்று நல்ல தேங்காயாகப் பார்த்து வீரகத்தியர் எடுத்துவைத்திருந்தார். எழும்பி உள்ளே போய், அதைக் கொண்டுவந்தார். தானே ஆசனத்தில் ஏறினார். மூக்கனைப் பார்த்து, "ஏறு" என்றார். மூக்கன் மயிலின் மேல் ஏறிக் குந்தினார். யதுர்ஷிகா சிவலட்சுமியின் மேல்.

ஓட்டோவில் இரண்டு பெண்களோடு இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. சாமி விசயம். நானும் ஏறிக்கொண்டேன்.

முறிகண்டியில் வீரகத்தியர் தேங்காயோடு நின்றார். உடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் உடைத்துவிட்டுப் போனார்கள். பஸ்காரர் ஹோர்ன் அடித்தார்கள். ஜெகதீஸ்வரி என் கையைக் கிள்ளினார், என்னவோ நான் அவருடைய புருசனைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. கடைசியில் வீரகத்தியர் தேங்காயை மூக்கனிடம் நீட்டினார்.

"உடையுங்கோ. பேர் உங்கட மனிசியின்ரை."

மூக்கன் ஒரே அடியில் உடைத்தார். சரிபாதி. வீரகத்தியர் இரண்டு பாதியையும் உற்றுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மிசின் அங்கிருந்து நேரே கண்டாவளைக்குப் போனது. அடுத்தநாள் காலை வீரகத்தியர் ஸ்பனர் சாவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். எங்கே என்று கேட்டேன். "கிளச் கொஞ்சம் இறுக்கம். அந்தாள் உடைச்சுப்போடும்" என்றார்.

அதன் பிறகு நடந்தவை. ஊரில் எல்லோருமாக யதுர்ஷிகாவையும் விஜிதரனையும் சோடி சேர்த்துவிட்டோம். நான் கலியாணத்துக்கு என்ன நிறச் சேலை என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் வவுனியாவில் ஒரு மருந்துக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். அவனுக்கு மோட்டார் சைக்கிள்கூடச் சரியாக உதைக்கத் தெரியாதாம். விஜிதரன் மாங்குளத்துச் சுகந்தினியைக் கட்டினான். மாப்பிள்ளை அந்த உழவு மிசினில்தான் வந்து இறங்கினார். ஓட்டி வந்தவர் வேட்டி கட்டிய வீரகத்தியர். மிஞ்சிய சிவப்புப் பெயின்ற்றைப் பிரதாபன் படலைக்கு அடித்துவிட்டு, மாமரத்தடிக்கு இன்னொரு பழைய மிசின் தேடுகிறார்.

விதைப்பு தொடங்கினால் வீரகத்தியரை அக்கராயனில் காண முடியாது, கண்டாவளையில்தான். அறுவடைக்கும் அப்படித்தான். யாராவது படலையில் நின்று கூப்பிட்டால், ஜெகதீஸ்வரி தலையை நிமிர்த்தாமலே சொல்வார்:

"அவர் இல்லை. சிவலட்சுமியோடை போயிட்டார்."