சுண்டெலிக்கு எந்த நிலை?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டுப் பல நாளாகிறது. தட்டு வைக்க இடமில்லை. கணக்குக்கு மட்டுமே ஆறு வகை மாதிரிப் பாடங்கள், அறிவியலுக்கு ஒரு பெட்டி, மொழிக்கு ஒரு கட்டுப் புத்தகம், அதன் மேல் ஒரு மைக்ராஸ்கோப்பின் விளம்பரத் தாள். நாங்கள் மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டோம். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. சொல்லப்போனால் அந்த நாட்கள் முழுக்க என் கால் தரையில் படவே இல்லை.

எங்கள் பெண்ணுக்கு வயது ஒன்பது. வீட்டில் அவளைச் சுண்டெலி என்போம். காகிதம் என்று எது கண்ணில் பட்டாலும் கடைசி எழுத்துவரை கொறித்துத் தீர்க்காமல் விடமாட்டாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு. மற்றவர்கள் முதல் கணக்கில் இருக்கும்போது இவள் பக்கத்தையே முடித்துவிடுவாள். "முடிச்சிட்டியா? கை கட்டி உக்காரு" என்பார் டீச்சர். உட்கார்ந்தாள். வருடம் பூராவும் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்டு என் உயிரை வாங்கும் பெண், மெல்ல மெல்லக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. நேரே தலைமையாசிரியையிடம் போய், இனி வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நல்ல மனுஷி. "ரெண்டு வாரம் கழிச்சு வர்ற திங்கட்கிழமை வரைக்கும் அவ இடத்தை யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நிதானம் என் வீட்டுக்காரரின் இலாகா. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் முடுக்கி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"நம்ம பொண்ணை நாமளே மெச்சிக்கிட்டா ஆச்சா?" என்றார். "வெளியாள் யாராவது சோதிச்சுச் சொல்லட்டும். வகுப்பைத் தாண்டி நிக்கிறான்னா வீட்டுலயே படிக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமை பேசாம ஸ்கூலுக்கு அனுப்பிடணும். சரியா?"

"சரி" என்றேன். சுண்டெலியைப் பற்றி எனக்கா சந்தேகம்? அவள் எந்தத் தேர்வையும் ஊதித் தள்ளிவிடுவாள் என்ற தெம்பு.

பிறகு தொடங்கியது கூத்து. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர் கண்முன் ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா?' என்று கேட்பது என் பிழைப்பு. பாடத்திட்டத்தையும் அப்படித்தான் அவள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு கணக்குப் புத்தகம் எதையும் முழுசாகச் சொல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்ப வந்து சொல்லும் ரகம். இன்னொன்று, ஒன்றைக் கரைத்துக் குடித்த பிறகுதான் அடுத்ததற்கு விடும் ரகம். முதல் ரகத்தை அவள் பத்துப் பக்கத்திலேயே மூடிவிட்டாள்.

"அம்மா, ஒரே கணக்கு சட்டையை மாத்திக்கிட்டு மறுபடி மறுபடி வருது."

இரண்டாவதில் விறுவிறுவென்று இறங்கினாள். போட்டிக் கணக்குகள் மட்டுமே இருந்த மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். ஒரே புதிரை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். விடை வந்ததும் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார். அறிவியல் பெட்டியில் உப்பைப் படிகமாக வளர்க்கும் சாமான் இருந்தது. ஜன்னலோரம் மூன்று கண்ணாடித் தம்ளர்கள் வரிசைக்கு வந்தன. சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தில் நடக்கும் எலும்புக்கூடு வகுப்புக்குப் பெயர் கொடுக்கலாமா, இல்லை மொட்டை மாடியில் கூடும் வானியல் குழுவுக்கா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். "ரெண்டும்!" என்றாள் சுண்டெலி. கேள்விகள் திரும்பி வந்துவிட்டன. நான் பதில் தெரியாமல் திணறினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திணறியதே இல்லை.

கடைசியில் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். அவர்களிடம் வகுப்புக் கணக்கே கிடையாது, நிலைகள்தான். முதலில் கணினியில் ஒரு தேர்வு. அதைத் திருத்திவிட்டு, குழந்தை எந்த நிலையில் சேரலாம் என்று சொல்வார்கள். அவர்களுடைய இணையதளத்தில் சுண்டெலி பெயரில் கணக்குத் தொடங்கினேன். வீட்டுக்காரரிடம், "அதுல மாதிரித் தேர்வு ஒண்ணு இருக்கு. கேள்வி எப்படியிருக்குன்னு ஒரு தடவை பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டேன். மறுநாள், "தேர்வு எழுதிட்டியாடி?" என்று கேட்டபோது சுண்டெலி தலையை ஆட்டினாள். ஆறாம் நிலையா ஏழாம் நிலையா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. அலமாரியில் ஏழாம் நிலைக்கு இடம் ஒதுக்கியே வைத்துவிட்டேன். முடிவு வரும்வரை வீட்டில் அதே கூத்தும் கும்மாளமும்தான்.

சனிக்கிழமை காலையில் முடிவு வந்தது.

'தங்கள் குழந்தைக்குப் பரிந்துரைக்கப்படும் நிலை: நான்கு. பின்னங்களில் அடித்தளம் வலுப்பட வேண்டும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்காம் நிலை என்றால் அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அதே பாடம். அதிலும் அடித்தளம் போதாதாம்! வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். அவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

"பரவாயில்லம்மா" என்றாள் சுண்டெலி, தம்ளரில் இருந்த படிகத்தைப் பார்த்தபடி. "நான் ஸ்கூலுக்கே போறேன். பையைக்கூட எடுத்து வச்சிட்டேன்."

பையை எடுத்து வைத்துவிட்டாளாம்! இந்தப் பெண் இரண்டு வயதில் அரை ரொட்டி போதாது, முக்கால் வேண்டும் என்று கணக்குச் சொல்லி அழுதவள். இவளுக்கா பின்னம் வராது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நிறுவனத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று போனை எடுத்தேன். ஆலோசகர் என்று ஒரு பெண் பேசினார். ஸ்பீக்கரில் போட்டேன். வீட்டுக்காரர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பொண்ணோட பேப்பரை யார் திருத்தினாங்க? நீங்க வேற யாரோடதையோ மாத்தி அனுப்பிட்டீங்க."

"இருங்க மேடம், விடைகளையே எடுத்துப் பாக்கறேன்" என்றார் ஆலோசகர், பொறுமையாக. "ம்... அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினா எவ்வளவுங்கிற கேள்விக்கு ஐந்தில் இரண்டுன்னு போட்டிருக்காங்க. மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்காங்க. பரவாயில்லை, நிறையப் பிள்ளைங்க செய்யற தப்புதான்."

"எங்க பொண்ணு செய்யமாட்டா."

"அடுத்தது பாருங்க. ஒரு லிஃப்டில் ஒரு தடவைக்கு எட்டுப் பேர் போகலாம், முப்பது பேர் மேலே போக எத்தனை தடவை? ஐந்துன்னு போட்டிருக்காங்க. நாலுதான் சரி. விளக்கம்கூட எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?"

"படிங்க."

"'எட்டுப் பேரை ஏத்தக் கூடாது. ஆளுக்கொரு பை வச்சிருப்பாங்க. ஆறு பேர்தான் ஏத்தணும். அப்புறம் கதவு மூடலைன்னு எங்களைத்தான் கூப்பிடுவாங்க.'"

சமையலறையில் ஒரு தட்டு தொட்டிக்குள் விழுந்தது.

நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கையெல்லாம் சோப்பு நுரையோடு சமையலறை வாசலில் நின்றார். காது சிவந்திருந்தது.

"அது..." என்றார். "அது மாதிரித் தேர்வு இல்லையா?"

"அப்பா, வேணாம்!" என்று கத்தினாள் சுண்டெலி.

போனில் ஆலோசகர், "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. என் புருஷன் நான்காம் நிலை! பின்னங்களில் அடித்தளம் வலுப்பட வேண்டும்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் அசடு வழியச் சிரித்தார். சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் 'வேணாம்' என்று கத்தியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"எப்படி?"

"திங்கட்கிழமை எழுதலாம்னு திறந்தேன். முடிஞ்சு போச்சுன்னு காட்டிச்சு. விடையெல்லாம் இருந்துச்சு. அந்த லிஃப்ட் கணக்கைப் படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏண்டி சொல்லல? முடிவு வந்தப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

சுண்டெலி அப்பாவைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த தாளின் முனையைச் சுருட்டினாள். "சொன்னா நீ அவங்களுக்கு போன் பண்ணுவ. அப்பாவுக்குப் பின்னம் தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும். அப்பா பாவம். ஸ்கூல்னா என்ன, கை கட்டி உக்காரணும், அவ்வளவுதானே. எனக்குப் பழக்கம்தான்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாரம் அந்த வீட்டில் அத்தனை கூச்சலும் கும்மாளமுமாக இருந்திருக்கிறோம். இவள் அத்தனைக்கும் நடுவில், எல்லாம் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே எங்களோடு குதித்திருக்கிறாள். நான் மட்டும் போன் செய்யாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை பையை மாட்டிக்கொண்டு போயே போயிருப்பாள்.

அவர் சோப்புக் கையோடு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அடி பைத்தியமே" என்றார். "நான் ஏன் அந்தத் தேர்வை முழுசா எழுதினேன் தெரியுமா? சும்மா பாத்துட்டு மூடிடலாம்னுதான் திறந்தேன். ரெண்டு மூணு கணக்குலயே எனக்கு வரலேன்னு தெரிஞ்சுபோச்சு. விட மனசில்ல. நீ இப்படி ஓடிக்கிட்டே இருந்தா, நாளைக்கு நீ ஏதாவது கேட்டா எனக்குக் கேள்வியே புரியாமப் போயிடுமேன்னு பயம். எவ்வளவு தூரம் பின்னாடி நிக்கிறேன்னு பாத்துக்கலாம்னு எழுதினேன்."

"ரொம்பத் தூரம் இல்லப்பா" என்றாள் அவள், அவசரமாக. "வகுத்தல்லாம் சரியா இருந்துச்சு."

போனில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. ஆலோசகர் இன்னும் லைனில்தான் இருந்திருக்கிறார். "மேடம், அந்தத் தேர்வை அழிச்சிட்டேன். பாப்பா இப்பவே எழுதறதா இருந்தா எழுதட்டும். இன்னிக்கு மத்தியானமே நான் திருத்திடறேன்" என்றார்.

அவ்வளவுதான், வீடு அமளிப்பட்டது. மேஜையில் இருந்ததை எல்லாம் வாரி சோபாவில் போட்டுவிட்டுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தேன். சுண்டெலி நாற்காலியில் முழங்காலிட்டு ஏறினாள். நாங்கள் இருவரும் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றோம். வெளியேயிருந்து கணினி விசைகளின் சத்தம் மழை மாதிரி வந்தது. நடுவில் ஒரு தடவை ஓய்ந்தது. உடனே, "ஐயோ, இது சூப்பர் கணக்கு!" என்று ஒரு கூச்சல். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

மத்தியானம் போன் வந்தது.

"எட்டாம் நிலை" என்றார் ஆலோசகர். "வடிவியலில் மட்டும் ஏழிலிருந்து தொடங்கட்டும். மேடம், நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒன்பது வயசுல இப்படி ஒரு பேப்பரைப் பாத்ததில்ல."

நான் ஆடினேன். வெட்கமே இல்லாமல் ஆடினேன். சுண்டெலி சோபாவில் ஏறிக் குதித்தாள், மாதிரிப் பாடங்கள் நாலா பக்கமும் பறந்தன. தலைமையாசிரியைக்கு அப்போதே போன் செய்து, அவள் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தார் அந்த அம்மாள். பிறகு ஆலோசகரை மறுபடி கூப்பிட்டு, வேண்டிய புத்தகங்களை எட்டாம் நிலைக் கணக்கு, ஏழாம் நிலை வடிவியல், போட்டிப் புதிர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நாலாம் நிலையும் ஒரு செட் போட்டுடுங்க" என்றார். "மாணவர் பேர் தனியா எழுதுங்க. வயசு நாப்பத்தொண்ணு."

சுண்டெலி குதிப்பதை நிறுத்தினாள். ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, "அப்பா, எது தெரியலேன்னாலும் என்கிட்ட கேளு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

"சொல்லு" என்றார் அவர், கீழ்வீட்டுக்கே கேட்கிற மாதிரி. "எல்லார்கிட்டயும் சொல்லு. எங்கப்பா படிக்கிறார்னு சொல்லு."