வாய் மாற்றி வந்த போன்

“நான் போயிட்டா உனக்காக யாருடி பேசுவா?”

என் அண்ணன் அபெராமோ இதைக் கேட்டது படகுத்துறையில். அம்மா அழுதுகொண்டிருந்தாள். திரேசா அத்தை அவன் பையில் இன்னொரு மாட்டிறைச்சி டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஆஸ்திரேலியா ஏர்போர்ட்ல இதைப் பிடுங்கிடுவாங்க.”

“பிடுங்கட்டுமே. அவனுங்களும் பசிச்ச பசங்கதான், தின்னுட்டுப் போகட்டும்.”

நான் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை. என்னால் பேச முடியாது என்றில்லை. வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னால் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன். ஒருநாள் போவதை நிறுத்திவிட்டேன். அண்ணன் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் தீவில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் கடந்து போக வேண்டுமென்றால் முதுகை வளைத்து, கையைத் தாழ்த்தி, ‘துலோ’ என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். குறுக்கே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நடக்கப் பழகிய குழந்தைகூடச் சொல்லும். எனக்கு அதுவும் வராது. அதனால் அபெராமோ முன்னால் போய் இரண்டு தடவை சொல்வான். முதல் துலோ அவனுடையது, தடித்த குரல். இரண்டாவது எனக்காக, கிளி மாதிரி மெல்லிய குரலில். பெரியவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் குனிந்து ஓடிவிடுவேன்.

அவன் தக்காளி பறிக்கப் போன இடத்தில் மண் சிவப்பு. சேறு அப்பிய பூட்ஸை அவன் படமெடுத்து அனுப்பியதைக் காட்டிக் காட்டி அம்மா தெருவையே சலிக்க வைத்தாள். “பாரு, சிவப்பா மண்ணு! கோகோ கொட்டி வச்ச மாதிரி.” எங்களுக்குத் தெரிந்த மண் கறுப்பு. எரிமலை குளிர்ந்து கிடக்கும் கறுப்பு.

முதல் சம்பளத்தில் அவன் ஒரு புது போன் வாங்கினான். அதே மாதிரி ஒன்றை சலேலோலோகா டவுன் கடையில் எங்களையும் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பினான். இரண்டும் கெட்டுப்போயின. எங்களுடையதில் அவன் பேசுவது கேட்கும், நாங்கள் பேசுவது அவனுக்குப் போகாது.

“அம்மா? இருக்கியா? ரூத்தா, மூச்சாவது விடுடி!”

அம்மா கத்துவாள். அத்தை போனைத் திருப்பி அதன் முதுகில் வாயை வைத்துக் கத்துவாள். அவனுக்கு ஒன்றும் கேட்காது. கடைசியாகக் கூப்பிட்ட அன்று அவனே பேசிக்கொண்டு போனான்.

“உங்க போன் ஊமை, என் போன் குருடு. திரை இருட்டாயிட்டே இருக்கு. ரெண்டுக்கும் வாரண்டி இருக்கும்மா. நீங்க கடையில குடுங்க, என்னோடத நாளைக்கு நான் குடுத்துடறேன். மாத்தி வர்ற வரைக்கும் என்கிட்டேர்ந்து போன் வராது. பயப்படாதீங்க.”

அம்மா அந்தப் ‘பயப்படாதீங்க’வைப் பிடித்துக்கொண்டாள்.

போனைக் கொடுக்க நானும் பஸ்ஸில் போனேன். இடமில்லாமல், எங்கள் ஊர் வழக்கப்படி, முன்பின் தெரியாத ஒரு பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்து போனேன். கடைக்காரன் சைமோனே வாயாடி.

“என்ன குறை?”

“வாய் இல்லப்பா, வாய் செத்துப்போச்சு” என்றாள் அம்மா.

அவன் என்னைப் பார்த்தான். “இந்தப் பொண்ணும் வந்ததுலேர்ந்து வாயைத் திறக்கல. ரெண்டுல எதைக்கா மாத்தணும்?”

மாற்றி வர வெகுநாள் ஆனது. வந்தபோது படம் போட்ட பெட்டி இல்லை, வெறும் வெள்ளை அட்டை.

“எங்க பளபளப்புப் பெட்டி எங்கே?”

“பெட்டியிலயா பேசப் போறீங்க? போன் புதுசு மாதிரிதான்.”

மாதிரி என்று அவன் சொன்னது என் காதில் நின்றது. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில், புதுப்பிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. புதுசு கொடுத்தோம், யாருடைய பழசையோ கழுவித் துடைத்துத் திருப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சார்ஜர் குத்தும் துளையை ஊசியால் சுத்தம் செய்தேன். ஊசி முனையில் சிவப்பாக ஒரு துளி தூசி வந்தது. துடைத்துவிட்டேன்.

அண்ணன் எண் அணைந்தே கிடந்தது. அவன் போனும் மாறி வரட்டும், அதுவரை நம் பாட்டைப் பதிவு செய்து சேர்த்து வைத்து அனுப்புவோம் என்றாள் அம்மா. எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது. கூரை, தூண்கள், பாய், முன்னால் அப்பாவின் சமாதி, அதற்கப்பால் சாலை. மாலைச் சங்கு ஊதியதும் ஊரே பிரார்த்தனைக்கு உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் சாலையில் யாரும் நடக்கக்கூடாது. நாங்கள் மூவரும் பாயில் உட்கார்ந்து, போனை எதிரே தூணில் சாய்த்துப் பாடினோம்.

பிறகு போட்டுக் கேட்டோம். அம்மாவின் குரல், அத்தையின் கட்டைக் குரல், தூரத்தில் பன்றி. பாட்டு முடியும் இடத்தில், சாலைப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல்.

“துலோ.”

சற்று விட்டு, மெல்லியதாக, “துலோ.”

அம்மா போனைக் கீழே வைத்தாள். “யாரு வந்தா?”

“யாரும் வரல” என்றாள் அத்தை. “சங்கு ஊதினப்புறம் எவன் நடப்பான்?”

மறுநாளும் பாடினோம். இப்போது குரல் அப்பாவின் சமாதிக்கு அருகிலிருந்து வந்தது. இரண்டு துலோ. இரண்டாவது கிளிக்குரல்.

போனை முன்பு வைத்திருந்தவனின் குரல் ஏதோ உள்ளே தங்கியிருக்கும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சைமோனே காதில் வைத்துக் கேட்டான். முதலில் சிரித்தான்.

“நல்ல மரியாதைக்காரப் பேய். குனிஞ்சு போகுது பாருங்க.”

அவன் மறுபடி போட்டான். போனை மேஜைமேல் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

“பழசு எதுவும் இதுல இருக்காதுக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் அனுப்புவாங்க. இது நீங்க நேத்து எடுத்த பதிவு.”

“அப்போ எங்கேர்ந்து வருது?”

“எனக்கு எப்படித் தெரியும்? நம்ம தீவு, டோங்கா, ஆஸ்திரேலியா, எல்லா ஊர்க் கெட்ட போனும் ஆக்லாந்துல ஒரே பட்டறைக்குத்தான் போகுது. பிரிச்சுப் போட்டு, ஒண்ணோட திரையை எடுத்து இன்னொண்ணோட வாயோட சேர்த்து ஒரு போன் பண்ணுவாங்க. இதோட வாய் எவனோடதோ.” சற்று நேரம் தலையைச் சொறிந்தான். “குடுத்துட்டுப் போங்க. வேற கேட்டு வாங்கித் தரேன்.”

அண்ணன் போனில் வாய் நன்றாக இருந்தது, திரைதான் கெட்டது என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா போனை எடுத்து மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அழுதாள். “என் புள்ள செத்துட்டானா திரேசா?”

“வாயைக் கழுவுடி. செத்தவன் எதுக்குத் துலோ சொல்றான்? அவன் யாருக்கு முன்னாடி குனியணும்? பொறுத்துக்கோங்கன்னு கேக்கறது உயிரோட இருக்கறவன்தான். அவன் நம்மள நினைச்சுக்கிட்டிருக்கான், அதான் கேக்குது. அந்தச் சத்தம் நிக்கற அன்னிக்கு வேணா அழு.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பின் மாலைக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள். சங்கு ஊதுமுன்னே பாயை விரித்து, போனை நிறுத்தி, பாட்டு முடிந்ததும் போட்டுக் கேட்பாள். துலோ கேட்டதும் சாப்பிடுவாள். குரல் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் நெருங்கி வந்தது. சமாதியைத் தாண்டியது. முற்றத்துக் கற்களைத் தாண்டியது. ஒரு மாலை, தூணுக்குப் பக்கத்திலிருந்து, மூச்சு கலந்து கேட்டது.

“பாத்தியா, வந்துக்கிட்டே இருக்கான்” என்றாள் அம்மா. அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் தூணைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

மறுநாள் பதிவில் ஒன்றும் இல்லை. பாட்டு, பன்றி, அப்புறம் வெறும் காற்று. அம்மா திரும்பத் திரும்பப் போட்டாள். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த மாலை சங்கு ஊதியது. அம்மா தொடங்கவில்லை, அத்தைதான் பாட்டை எடுத்தாள். நான் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். சாலை வெறிச்சோடி இருந்தது. அதில் ஒருவன் நடந்து வந்தான்.

அத்தையின் பாட்டு பாதியில் நின்றது.

அபெராமோ அப்பாவின் சமாதியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தூண்களுக்கிடையில் ஏறினான். பூட்ஸைக் கழற்றவில்லை. முழங்கால்வரை சிவப்புச் சேறு, ஈரமாக. பாயில் ஒரு சொட்டுகூட விழவில்லை. எங்களுக்கும் போனுக்கும் நடுவே, எங்கள் மூவர் முன்னால், துலோ சொல்லாமல், முதுகை வளைக்காமல் நிமிர்ந்து நடந்தான்.

“சொல்லுடா” என்றாள் அம்மா. மெதுவாக, கெஞ்சி. “என் கண்ணு, ஒரே ஒரு தடவை சொல்லிடுடா.”

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். படகுத்துறையில் கேட்டுவிட்டு என் பதிலுக்காக நின்ற அதே முகம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

என் தொண்டையில் உட்கார்ந்திருந்தது எழுந்தது.

“துலோ” என்றேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும், அவனுக்காக, என்னால் முடிந்தவரை குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, “துலோ.”

அதைக் கேட்ட பிறகுதான் அவன் முதுகு வளைந்தது. கையைத் தாழ்த்திக்கொண்டு அம்மாவின் முன்னால் கடந்து, பின்பக்கத் தூண்களுக்கிடையில் இறங்கி, வாழைகளுக்குள் போனான்.